பவுனில் எழுதிய தீபாவளி

பதுளை, கடைத்தெரு
1920 ஜனவரி 28

மருமகன் வைரவநாதனுக்கு, உன் தாய்மாமன் சிவஞானம் நல்ல சுகத்தோடும் அதைவிட நல்ல வியாபாரத்தோடும் எழுதிக்கொள்வது.

உன் கம்பெனியிலிருந்து ஆர்டர்க் கடதாசி கிடைத்தது. இங்கிலீஷில் இருந்தாலும் முக்கால்வாசி நானே வாசித்துவிட்டேன். மிச்சத்தைத் தபால் கந்தோர் கிளார்க்கிடம் காட்டினேன். அவர் வாசித்ததும் நான் வாசித்ததும் ஒன்றாகவே இருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

இந்த வருஷத் தீபாவளிச் சீலைக்கு நான்தான் என்று ஊவா மாகாணம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி, கொஸ்லந்தைக் கங்காணி, தெமோதரையில் இரண்டு பேர், எல்லாரும் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். போன வாரம் தெமோதரைத் தோட்டத் துரை குதிரையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி, "சிவஞானம், என் லயத்துப் பொம்பளைகளுக்கு உன் கடைச் சீலைதான்" என்று சொன்னார். கூட நின்றவர்கள், துரை வழி கேட்டார் என்று சொல்லித் திரிகிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உன் யோசனை வேண்டும். ஆயிரத்து இருநூறு சீமை மில் சீலை. பில் இங்கிலீஷ்காரன் பவுன் காசில் வேண்டுமா, ரூபாயில் வேண்டுமா என்று உன் கம்பெனி கேட்கிறது. ரூபாய் என்றால் மொத்தம் மூவாயிரத்து இருநூறு, இன்றைக்குச் சொன்னதுதான் என்றைக்கும். பவுன் என்றால் நானூறு பவுன். புரட்டாசியில் சாமான் வந்து இறங்கும்போது பவுன் என்ன விலையோ அந்த விலைக்குக் கட்ட வேண்டும். நான் ரூபாயிலேயே எழுதலாம் என்றுதான் இருக்கிறேன். கங்காணி எனக்கு ரூபாய்தான் தரப்போகிறான். வருகிற காசும் போகிற காசும் ஒரே ஜாதியாக இருந்தால் மனுசனுக்குத் தூக்கம் வரும். பவுனில் ராஜா தலை இருக்கிறதே என்பாய். ரூபாயிலும் அவர் தலைதான், கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது.

ஆனாலும் நீ கொழும்புக் கோட்டையில் உட்கார்ந்து தந்தி பார்க்கிறவன். பார்த்து எழுது.

அத்தை உன்னை விசாரித்தாள். பரிமளம் விசாரிக்கவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த தையில் உங்கள் கல்யாணம் என்று சொன்னது சொன்னதுதான். தீபாவளி லாபத்தில் பெரகரா ஊர்வலத்துக்கு வருகிற யானை ஒன்றை மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

மாமன் சிவஞானம்

&nbsp;

கொழும்பு
1920 பெப்ரவரி 6

மாமா அவர்களுக்கு வைரவநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

ரூபாயில் எழுதாதீர்கள். பவுனில் எழுதுங்கள்.

பெரிய யுத்தத்துக்கு முன் ஒரு பவுன் பதினைந்து ரூபாய். இன்று ஏழே கால். ரூபாயை உயரத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று லண்டனில் ஒரு பெரிய கமிட்டி சொல்லியிருப்பதாக இந்த வாரம் தந்தி வந்திருக்கிறது. பவுன் ஆறு ரூபாய்க்கு வரும் என்று கந்தோரில் எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி வந்தால் உங்கள் சீலைக்கு இரண்டாயிரத்து நானூறுதான். மூவாயிரத்து இருநூறு ஏன் கொடுக்க வேண்டும்? வருகிற காசு, போகிற காசு, ஒரே ஜாதி என்பதெல்லாம் கடைத்தெருப் பேச்சு. குறை நினைக்க வேண்டாம். இது நான் படித்துப் பார்த்துச் சொல்வது.

இன்னொன்று. எங்கள் கம்பெனியில் கிளார்க்குமார் வாடிக்கைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோசனை சொல்லக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தெரிந்தால் வேலை போய்விடும். உங்களுக்கு ஜாமீன் கையெழுத்தும் நான்தான் போட்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் நம் இருவரோடு இருக்கட்டும்.

வருஷக் கடைசியில் எனக்குச் சம்பள உயர்வு உண்டு என்று கந்தோர்த் துரை சாடையாகச் சொன்னார். அத்தையிடம் சொல்லுங்கள்.

வைரவநாதன்

&nbsp;

பதுளை
1920 மார்ச் 9

மருமகனே,

பவுனில்தான் எழுதி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், உன் கடுதாசி வரும் முன்னாலேயே எனக்கு அதே யோசனைதான். நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்றுதான் ரூபாய் ரூபாய் என்று எழுதினேன். நீ தேறிவிட்டாய்.

மாசி மகத்தன்று கோயில் வாசலில் கங்காணிமார் நாலு பேரையும் நிற்க வைத்து, பவுன் ஆறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு, சீலை இரண்டே கால் ரூபாய் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டேன். மற்றக் கடைகளில் மூன்றரை சொல்கிறார்கள். கொஸ்லந்தைக் கங்காணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐயர் கூடத் தீபாராதனையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்துக் கடை இப்றாஹீம் முதலாளிக்கு மட்டும் வயிற்றெரிச்சல். "சீலையை இன்னும் கண்ணால பாக்கல, அதுக்குள்ள வெலையச் சொல்லிட்டீங்களே பிள்ளை" என்றார். "உங்களுக்கு லண்டன் விஷயம் தெரியாதுங்க முதலாளி" என்றேன். "எனக்கு இந்தா இருக்கிற வெலிமடை விஷயமே பாதிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார். இருபது வருஷமாகப் பக்கத்துக் கடை, இன்னும் என்னைத் தெரியவில்லை.

உன் பெயரை யாரிடமும் எடுக்கவில்லை. எல்லாம் என் மூளை என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்குச் சிரமமாகவும் இல்லை.

சிவஞானம்

&nbsp;

கொழும்பு
1920 ஜூலை 21

மாமா அவர்களுக்கு,

நாலு மாதமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதுவதற்குள் சரியாகிவிடும் என்று பார்த்தேன். சரியாகவில்லை. பவுன் இன்று பத்தரை ரூபாய். ஏன் என்று துரைமாருக்கே தெரியவில்லை. காலையில் ஒருவர் ஒன்று சொல்கிறார், தேத்தண்ணீருக்குப் பிறகு அவரே வேறொன்று சொல்கிறார்.

ஆர்டரை நிறுத்த முடியுமா என்று வேறு ஆளுக்குக் கேட்பது போலக் கேட்டேன். நெசவு முடிந்து கரைச்சாயம் போட்டாகிவிட்டது. முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். கங்காணிமாரைக் கூப்பிட்டு விலையை மாற்றிச் சொல்லுங்கள். நாலு ரூபாய்க்குக் குறைந்தால் உங்களுக்குக் கட்டாது. இப்போதே சொன்னால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

நான் சொல்லித்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் தப்பில்லை.

வைரவநாதன்

&nbsp;

பதுளை
1920 ஆகஸ்ட் 3

மருமகனே,

விலையை மாற்றுவதாவது. உனக்குக் கோட்டை தெரியும், தோட்டம் தெரியாது. வெற்றிலை மாற்றிய மறுநாளே கங்காணிமார் விடியக்காலம் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டு முடித்த கையோடு, "தீபாவளிச் சீலை இரண்டே கால், பதுளைச் சிவஞானம் பிள்ளை கடை" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார்கள். பெரட்டில் சொன்னது வேலைக் கட்டளை மாதிரி. திருப்பி வாங்கினால் கங்காணிக்கு மறுநாள் களத்தில் முகம் இருக்காது. சனங்கள் இரண்டே கால் என்று நினைத்துத்தான் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பூனாகலையிலிருந்து மாரியாயி என்று ஒருத்தி, கொழுந்து எடுக்கிறவள், மழையில் நடந்தே வந்து விட்டாள். "சீலை எப்படிங்க இருக்கும்" என்று கேட்டாள். நானும் கண்டேனா. அடர் சிவப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் கரை, முந்தானையில் மயில் என்று எடுத்து விட்டேன். "மயில் எந்தப் பக்கம் பாக்கும்" என்று கேட்டாள். "கட்டுறவளைத்தான் பாக்கும்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் அரிசி குறைத்துத்தான் இந்தக் காசாம். அரிசி விற்கிற விலை உனக்கே தெரியும். இப்போது லண்டனில் தேயிலையும் விழுந்துவிட்டதாம், பூனாகலைப் பக்கம் வாரத்தில் நாலு நாள்தான் வேலை கொடுக்கிறார்கள்.

நீ பயப்படாதே. ஆடி மாசத்தில் ஏறுகிறது எதுவும் நிற்காது, ஆவணியில் பவுன் தன்னால் இறங்கும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பெரிய ஆள். பெயர் சொல்லக் கூடாது என்றார்.

சீலையில் மயில் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்து எழுது.

சிவஞானம்

&nbsp;

கொழும்பு
1920 அக்டோபர் 6

மாமா அவர்களுக்கு,

சாமான் வந்துவிட்டது. பாங்குக் கிட்டங்கியில் இருக்கிறது, பணம் கட்டினால்தான் விடுவார்கள். பவுன் பன்னிரண்டு ரூபாய். உங்கள் பில் நாலாயிரத்து எண்ணூறு. மயில் இல்லை. கரை மட்டும்தான்.

இங்கே பெட்டாக் கடைத்தெருவில் பாதிக் கடைக்காரர்கள் பவுனில் எழுதியவர்கள். சாமானை எடுப்பதில்லை என்று கூடிப் பேசியிருக்கிறார்கள். நீங்களும் எடுக்காமல் விடலாம். கடை தப்பும். அப்போது கம்பெனி ஜாமீன்காரனைப் பிடிக்கும். அதை நான் எப்படியாவது பார்த்துக்கொள்வேன் என்று எழுத ஆசை. பார்க்க வழி இல்லை.

துரை நேற்று என்னைக் கூப்பிட்டார். எடுக்காத பில் ஒவ்வொன்றையும் விசாரிக்கிறார். "உன் மாமனுக்குப் பவுனில் எழுத யோசனை சொன்னது யார்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். போய் யோசித்துவிட்டு வா என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. சொன்னால் அன்றைக்கே சீட்டைக் கிழிப்பார். வேறு கம்பெனியிலும் எடுக்க மாட்டார்கள். வேலை இல்லாதவனுக்குப் பரிமளத்தை எப்படிக் கொடுப்பீர்கள்?

சொல்வதா வேண்டாமா என்று நீங்களே எழுதுங்கள். பதில் வரும்வரை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன்.

வைரவநாதன்

&nbsp;

பதுளை
1920 அக்டோபர் 12

மருமகனே,

காய்ச்சலை விட்டு எழுந்திரு. வேலைக்குப் போ.

அரசாங்கக் கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவரைப் பிடித்து, உன் துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அந்த மனுசன் எழுதுகோலை வைத்துவிட்டு வாயைப் பார்த்தான். அதன் சாரம் இது: பவுனில் எழுதாதீர்கள் மாமா என்று நீ மூன்று கடுதாசி போட்டாய். நான் கேட்கவில்லை. பிறகு லீவு போட்டு, பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் நனைந்துகொண்டே ஊர் தூங்கிய பிறகு வந்து, என் கடை நடுவில் காலில் விழுந்தாய். "மாமா, ரூபாயில் எழுதுங்க" என்று அழுதாய். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போடா, நீ பிறக்கும் முன்னாலேயே நான் வியாபாரி" என்றேன். அப்போது உனக்கு நெற்றியில் வாசற்படி பட்டு ரத்தம் வந்தது என்றும் சேர்க்கச் சொன்னேன். ரத்தம் வேண்டாம், நம்ப மாட்டார்கள் என்று மனுக்காரன் சொன்னதால் விட்டுவிட்டேன்.

உன் பெப்ரவரிக் கடுதாசியை இன்னொரு தரம் எடுத்து வாசித்தேன். ரூபாயில் எழுதுங்கள் மாமா என்றுதான் அதில் எழுதியிருக்கிறாய். எனக்கு இங்கிலீஷே அவ்வளவு தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாதா.

சாமானை எடுத்துவிட்டேன். கடையை இப்றாஹீம் முதலாளி வாங்கிக்கொண்டார். கொடுங்க கொடுங்க என்று இருபது வருஷமாகக் கெஞ்சியவர், போகட்டும் என்று கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது, அத்தையின் அட்டிகையில் சரியாயிற்று. சீலையை இரண்டே காலுக்குத்தான் போடுவேன். களத்தில் சொன்ன விலை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எழுதுவாய். எழுதாதே. தபால்காரன் பரிமளம் கையில்தான் கொடுக்கிறான்.

சிவஞானம்

&nbsp;

கொழும்பு
1920 நவம்பர் 24

மாமா அவர்களுக்கு,

மனு போன மாதமே வந்தது. துரை அதைப் பக்கத்து அறைத் துரைக்கும் வாசித்துக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ காலில் விழுந்தாயாமே" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

யோசனை சொன்னது தப்புத்தான், ஆனாலும் மாமனிடமே அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவனுக்கு நல்ல புத்தி இருக்கிறது என்று ஜனவரி முதல் ஆர்டர் மேசையை எனக்குக் கொடுத்திருக்கிறார். சம்பளம் உயர்கிறது. இதை அத்தையிடம் சொல்லுங்கள் என்று முன்பு எழுதினேன். இப்போது என்ன எழுத என்று தெரியவில்லை.

சீலை எல்லாம் போயிற்றா?

வைரவநாதன்

&nbsp;

பதுளை
1921 ஜனவரி 30

மருமகனே,

ஆர்டர் மேசை கிடைத்ததைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

நான் அதே கடையில்தான் இருக்கிறேன், இனிக் கடுதாசியை என் கைக்கு வரும்படி கடைக்கே போடு. இப்றாஹீம் முதலாளி இரண்டு கடைக்கும் நடுச்சுவரை இடித்துவிட்டார். "பிள்ளை, நீங்க இல்லாம இந்தக் கடைக்கு வாய் கெடையாது, வந்து அளந்து குடுங்க" என்றார். சம்பளம் இல்லை, பங்கு மாதிரி. மாதம் ஒன்றாம் தேதி அந்தப் பங்கைக் கையில் தருவார். முன்பு உட்கார்ந்த இடத்தில் இப்போது நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நிற்பது கால் நரம்புக்கு நல்லது.

சீலை எண்ணூறுதான் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வந்துவிட்டதால், கொஸ்லந்தைக் கங்காணி பாதிப் பேருக்குச் சீலை வேண்டாம், காசைத் திருப்பி அரிசியாகக் கொடுத்துவிட்டேன் என்றார். மாரியாயி வந்தாள். முந்தானையை விரித்துப் பார்த்தாள். மயில் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ காலில் விழுந்த கதை இப்போது நான் சொல்லாமலே நடக்கிறது. சந்தையில் ஒருவன் என்னிடமே சொல்கிறான், அவன் கூட இருந்து பார்த்தானாம். மாட்டு வண்டிக்காரன் பெயர் வரைக்கும் சொல்கிறான். எனக்கே அது நடந்த மாதிரிதான் இருக்கிறது. உன் தலைமயிரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டினது கண்ணில் தெரிகிறது.

அத்தை என்னோடு பேசுவது குறைவு. கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், பிறகு அடுப்பைப் பார்ப்பாள். பரிமளம்தான் பேசுகிறாள். "அத்தான் அவ்வளவு சொல்லியும் கேக்கலையேப்பா" என்று, சோறு போடும்போது சொல்வாள், விளக்கேற்றும்போது சொல்வாள். உன்னைப் பற்றி முன்பு வாயே திறக்காதவள். இப்போது உன் பேச்சைத் தட்டக் கூடாது என்று தன் தாய்க்கே புத்தி சொல்கிறாள். அதனால் ஒரு விஷயம். தையில் நடக்கவில்லை, வைகாசியில் கல்யாணம். யானை இல்லை. வருகிறவன் எல்லாம் என்னைக் காட்டி உனக்குக் கதை சொல்லுவான். நீ கேட்டுக்கொண்டு இரு. நெஞ்சு பொறுக்காமல் அந்தப் பெண்ணிடம் எதையாவது கொட்டிவிடாதே. அவளுக்கு வீட்டில் மதிக்க ஒரு ஆள் வேண்டும். ஒருத்தன் போய்விட்டான், இருக்கிறவனையும் கெடுக்காதே.

சிவஞானம்

&nbsp;

கொழும்பு
1921 பெப்ரவரி 17

மாமா அவர்களுக்கு,

வைகாசிக்கு வருகிறேன். பரிமளத்திடம் முதல் நாளே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு சொல்ல மாட்டேன். உங்களுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையா என்று பார்த்தேன். எழுதவில்லை.

நேற்று இப்றாஹீம் முதலாளி கந்தோருக்கு வந்தார். உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார். அடுத்த தீபாவளிக்குச் சீலை. இரண்டு கடைக்கும் சேர்த்து, நீங்கள் போட்டதைவிடப் பெரிய ஆர்டர். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, எழுத்து வேலை நமக்கு ஆகாது. பவுனா ரூபாயா, நீங்க சொல்லுங்க."

"யோசனை சொல்லக் கூடாதுங்க, முதலாளி. கம்பெனிச் சட்டம்."

"சட்டம் இருந்துமா மாமா கால்ல விழுந்தீங்க? அந்தப் புத்திக்குத்தான் நான் உங்ககிட்ட வந்தேன்."

பவுன் இப்போது பதினைந்தரை. ஏறுமா இறங்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், மாமா. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் சிரித்தார். "தெரிஞ்சவங்க இப்படித்தான் சொல்லுவாங்க. பிள்ளை எல்லாம் தெரியும்னாரு, இப்ப என் கடையில அளந்து குடுக்கிறாரு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரை வெச்சிருக்கிறது நம்ம கடை நடக்கிற வரைக்கும்தான் தம்பி. பாத்து எழுதுங்க" என்றார்.

கையெழுத்தைப் போட்டுக் கடதாசியை என் பக்கம் தள்ளிவிட்டு, நாலு மணி ரயிலுக்குப் போய்விட்டார். எந்தக் காசு என்று எழுத வேண்டிய இடத்தை எனக்கு விட்டுப் போயிருக்கிறார். கப்பல் தபால் சனிக்கிழமை கட்டுவார்கள். அதற்குள் நான் ஒரு வார்த்தை எழுத வேண்டும்.

காலையிலிருந்து பேனாவை இரண்டு தரம் மையில் தொட்டேன். இரண்டு தரமும் உலர்ந்துவிட்டது.

வைரவநாதன்